ஏழு மணிக்கு அதட்டும் லேப்டாப்

பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது அலுவலகம் எனக்கு ஒரு லேப்டாப்பைப் பரிசாகக் கொடுத்தது என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தாள். உண்மையில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர்கள் மறுத்துவிட்டார்கள். "மதுரைக்குக் கொண்டுவந்தா வைக்க எடமில்ல சார். நீங்களே வச்சுக்கோங்க," என்றார் சிஸ்டம்ஸ் பிரிவுக்காரர். எனக்குச் சால்வை போர்த்தியதைப் படம் எடுத்தவர்கள் இதைப் படம் எடுக்கவில்லை.

நான் அதில்தான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை எங்கள் அலுவலகம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மம்சாபுரத்தில் குடிநீர்க் குழாய் உடைந்தது, செண்பகத்தோப்பில் யானை தோப்புக்குள் இறங்கியது, கிருஷ்ணன்கோவில் கல்லூரி விழாவில் யாரோ நீளமாகப் பேசியது, இவற்றையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி மாலை ஏழு மணிக்குள் மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு உள்ளூர்ப் பக்கம் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு லேப்டாப் பீரோவின் மேல் கிடந்தது. அலுவலகச் சொத்து என்ற ஸ்டிக்கர் அதன் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கீழே இறக்கச் சொன்னவள் என் மனைவி. அவள் ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தாள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்கள். மற்ற பள்ளிகளில் கேட்டபோது அவளைவிடப் பாதி வயதில் ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு சர்ச்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதோடு சரி. பாடம் நடத்த ஆளில்லாததால் எனக்கு நடத்தினாள். நான் காய்கறி வாங்கிவந்த விதத்தைப் பற்றியே அரைமணி நேரம் நடத்துவாள்.

அந்த நிலையில்தான் துபாயிலிருந்து அவளுடைய பழைய மாணவி கூப்பிட்டாள். அங்கே ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளிடம் தமிழில் பேசினால் கேட்டுக்கொள்கிறார்கள், பதில் ஆங்கிலத்தில் வருகிறது, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "மிஸ், நீங்க ஆன்லைன்ல எடுங்க. ரெண்டு வாரம் பாப்போம். எல்லா அம்மாமாருக்கும் பிடிச்சுப்போச்சுன்னா அப்படியே தொடர்ந்து நடத்தலாம்," என்றாள். திங்கள் முதல் வியாழன் வரை, நம் நேரப்படி மாலை ஆறரைக்கு.

மனைவி அன்றிரவே கரும்பலகைச் சுண்ணக்கட்டி இருக்கிறதா என்று தேடினாள். ஆன்லைன் வகுப்புக்குச் சுண்ணக்கட்டி வேண்டியதில்லை என்றேன். "எனக்கு வேணும்," என்றாள். அவள் அந்த வகுப்பை எவ்வளவு விரும்பினாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லேப்டாப் உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஒத்திகைக்காக மாணவியை அழைத்தபோது, அவள் முதலில் கேட்டது, "மிஸ், உங்களுக்கு மஞ்சள் காமாலையா?"

காரணம் ஆயுத பூஜை. எங்கள் அலுவலகத்தைப் பூட்டித் திறக்கும் காவலாளி ஒவ்வொரு ஆண்டும் நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். லேப்டாப்பைத் திறந்து நிமிர்த்திப் பார்த்தால் நெற்றியின் மையம் என்று அவருக்குத் தோன்றிய இடம் கேமராவின் கண். அங்கே தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் கிறிஸ்தவன் என்பதால், மற்ற எவரையும்விட வேதக்காரர் கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பதுதான் மரியாதை என்று நினைத்தார். நானும் தடுக்கவில்லை. கேமரா எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

மனைவி காது குடையும் பஞ்சும் தேங்காய் எண்ணெயுமாக உட்கார்ந்து அதைத் துடைத்தாள். கேமரா தெளிந்தது. கீலின் இடுக்கில் போனது மட்டும் வரவில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் சந்தன வாசனை லேசாக வரும்.

இன்னொரு சிக்கல் இருந்தது. லேப்டாப்பில் எந்த அமைப்பையும் மாற்ற முடியவில்லை. ஒலியளவு, கடிகாரம், எதைத் தொட்டாலும் மதுரையின் கடவுச்சொல்லைக் கேட்டது. பழைய பேருந்து நிலையம் அருகே இருந்த ரிப்பேர் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க லேப்டாப் இல்ல. உங்க வீட்டுல இருக்குற ஆபீஸ் லேப்டாப்," என்றார். பூட்டை மதுரையிலிருந்துதான் எடுக்க முடியும். சிஸ்டம்ஸ் பிரிவுக்காரரைக் கூப்பிட்டேன். நாளைக்கு எடுத்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த நாளும் அதையே சொன்னார். எப்படியோ வகுப்பு நடத்தும் அளவுக்கு இணையம் வேலை செய்தது. அது போதும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

முதல் வகுப்பு திங்கட்கிழமை. முன்னறையில் மேசை போட்டு, பின்னால் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டி, இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில் உட்கார்ந்தாள். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் சாரமும் மேலே பனியனும். வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பொடியன் 'அம்மா' என்பதை மூன்றுவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு மணிக்கு முன்னறையிலிருந்து ஓர் ஆண்குரல் வெடித்தது.

"ஏலே, பக்கம் எங்கலே? எம்புட்டு நேரம்லே ஆக்குவ?"

கையில் டீயோடு நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. கால்களுக்குத் தெரிந்திருந்தது. திரை முழுக்கச் சிவப்பாகி, நடுவில் 'அனுப்பிவிட்டேன்' என்ற ஒரே ஒரு பட்டன். மனைவியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதை அழுத்தினேன். அதற்குள் அந்தக் குரல், இந்த முறை சாவகாசமாக, வேறு யாரிடமோ சொல்வதுபோல, "டீயை அங்ஙன வை," என்று முடித்துவிட்டிருந்தது.

அது எங்கள் பழைய பதிப்புப் பொறுப்பாளர் அண்ணாச்சியின் குரல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். ஒரு காலத்தில், பக்கம் வராவிட்டால் ஒவ்வோர் ஊருக்கும் அவரே போன் செய்து அதட்டுவார். தொண்டை கட்டிப்போய் மருத்துவர் இனித் தினமும் கத்தக்கூடாது என்று சொன்னதும், சிஸ்டம்ஸ் பிரிவை வைத்துத் தன் குரலைப் பதிவுசெய்து எல்லா லேப்டாப்புகளிலும் போட்டுவிட்டார். ஏழு மணி ஆனதும் ஒலி தானாக உச்சத்துக்குப் போய் அதட்டும். பட்டனை அழுத்தும்வரை அடங்காது. பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில் யாரோ டீ கொண்டுவந்திருக்கிறார்கள். அதையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். அண்ணாச்சியிடம் இன்னொரு தடவை பேசச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

அப்படியானால் அதை நான் எப்படி மறந்தேன் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலும் எளிது. பக்கம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் திரையின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் அந்தப் பட்டனை ஏழு ஆவதற்குச் சற்று முன்பே அழுத்திவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். சாத்தூரிலும் அப்படித்தான், சிவகாசியிலும் அப்படித்தான். கடைசிச் சில வருடங்கள் அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதேயில்லை.

துபாயில் அவர்கள் பார்த்தது வேறு. ஓர் ஆள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று டீச்சரை 'ஏலே' என்று அதட்டுகிறான். பிறகு தலை தெரியாத ஒரு பனியன் ஓடிவந்து டீச்சருக்கு முன்னால் கையை நீட்டுகிறது. டீ என்கிறது. மறுகையில் டீ இருக்கிறது.

மறுநாள் காலை மாணவி கூப்பிட்டாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. சார் ரிட்டயர் ஆனதுலருந்து வீட்டுல எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காரு. எதுக்குக் கேக்குற?"

"இல்ல மிஸ், நேத்து..."

"அது அவரு இல்லம்மா. லேப்டாப்பு."



"லேப்டாப் டீ கேக்குமா மிஸ்?"

மனைவி விளக்கினாள். ஆசிரியை என்பதால் படிப்படியாக, எடுத்துக்காட்டோடு விளக்கினாள். கேட்கக் கேட்க எனக்கே அது நம்பும்படியாக இல்லை. ஒரு செய்தியாக யாராவது இதை எனக்கு அனுப்பியிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன்.

"சரி மிஸ்," என்றாள் மாணவி. "எனக்கு ஒண்ணுமில்ல. மத்த அம்மாமாருதான் யோசிக்காங்க. புள்ளைங்க முன்னாடின்னு..."

இத்தனைக்கும் பிள்ளைகள் யாரும் பயப்படவில்லை. 'பக்கம் எங்கலே' என்று குரல் கேட்டதும் அந்தப் பொடியன் தன் புத்தகத்தைத் தூக்கித் திரையில் காட்டி, "இங்க," என்றான். மொழிபெயர்த்துச் சொல்லாமல் அவர்களில் ஒருவன் பதில் சொன்ன முதல் தமிழ்க் கேள்வி அதுதான் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அதை அந்த நேரம் கவனித்தவள் அவள் மட்டும்தான்.

செவ்வாயிலிருந்து ஏழு ஆவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டோம். குரல் வரவில்லை. வகுப்பு ஒழுங்காக நடந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். வியாழக்கிழமை மாணவி மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள்: "சார் இப்பக் கொஞ்சம் அடக்கமா இருக்காங்க போலருக்கு மிஸ். சந்தோசம். ஆனா இது எத்தனை நாளைக்கு?"

கத்தினாலும் நான்தான், கத்தாவிட்டாலும் நான்தான் என்று ஆகிவிட்டது.

மனைவி போனை வைத்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. வேண்டாம்னு சொல்லிருவாங்க," என்றாள். "சொல்லிக்கொடுக்கத் தெரியலன்னு சொன்னாக்கூடச் சரி. எம்புருசன் கத்துவாருன்னு சொல்லி நிறுத்துனா நான் யார்கிட்டப் போய் என்ன சொல்ல?"

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரே ஒரு வழி. நேரில் ஆள் அனுப்புவார்கள். பெண் கொடுக்க, வீடு வாடகைக்கு விட, கடன் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதே வழிதான். கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தால் அது விருந்து. சொல்லாமல் வந்தால்தான் விசாரணை. மாணவியின் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் மாடவீதியில் இருந்தார். துபாயில் தீர்க்க முடியாததை அந்த அத்தையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல். மனைவி சர்ச்சில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். போகும் முன் அடுத்த வாரப் பாடத்தைத் தயார்செய்துவிட்டு லேப்டாப்பை மூடாமல் போய்விட்டாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு இல்லாத நாள். ஏழு மணிக்கும் நிறைய நேரம் இருந்தது.

ஆனால் சனிக்கிழமை உள்ளூர்ப் பக்கம் ஏழு மணிக்குப் போவதில்லை. ஞாயிறு இணைப்பு அச்சாக வேண்டியிருப்பதால், நான்கு மணிக்கே போயாக வேண்டும். இத்தனை வருடம் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கியவன் நான். லேப்டாப்புக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை.

"ஏலே, பக்கம் எங்கலே? எம்புட்டு நேரம்லே ஆக்குவ?"

பேப்பரை எறிந்துவிட்டு ஓடிப்போய் 'அனுப்பிவிட்டேன்' என்பதை அழுத்தினேன். அதற்குள் "டீயை அங்ஙன வை," என்றும் சொல்லிவிட்டிருந்தது. அப்போதுதான் வாசல் பக்கம் திரும்பினேன். கதவு திறந்துதான் இருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே, ஒரு கையில் பையும் மறுகையில் செருப்புமாக ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கீழே விடுவதா திரும்ப மாட்டிக்கொள்வதா என்று முடிவெடுக்காத நிலை.

"டீச்சர் வீடு இதானா தம்பி?"

"ஆமாம்மா. வாங்க."

"துபாயில இருக்காளே, அவளுக்கு நான் அத்தை. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்." உள்ளே எட்டிப் பார்த்தார். "டீச்சர் இருக்காகளா?"

"சர்ச்சுக்குப் போயிருக்கா."

"அப்ப யாரைப் போட்டு இந்த விரட்டு விரட்டுனீக?"

"யாரையும் இல்லம்மா. லேப்டாப்தான்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். அதன் திரையில் 'க, ங, ச' என்று மூன்று எழுத்துகள் அமைதியாக நின்றன.

"லேப்டாப்பையா விரட்டுனீக?"

"லேப்டாப் என்னை விரட்டுச்சு."

அவர் உட்கார்ந்தார். நீண்ட விசாரணைக்குத் தயாரானவர் உட்காரும் விதம். "சரி, அதை இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க பாப்போம்," என்றார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பட்டனை அழுத்தாமல் விட்டிருந்தால் அது அடுத்த பத்து நிமிடமும் கத்தியிருக்கும். அத்தை நேரில் கேட்டிருப்பார். என் வாய் மூடியிருந்ததைப் பார்த்திருப்பார். பக்கமே இல்லாத வீட்டில், பக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லி, இருந்த ஒரே சாட்சியை நானே அனுப்பிவிட்டேன்.

"இனி திங்கக்கெழமதாம்மா பேசும்," என்றேன். "நாளைக்கு உள்ளூர்ப் பக்கம் கிடையாது."

"ஞாயித்துக்கெழம லீவா அதுக்கு?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அது ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை. எழுந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "சந்தன வாசனை வருது."

ஆயுத பூஜைக் கதையைச் சொன்னேன். அன்று நான் சொன்னவற்றில் அவர் உடனே நம்பியது அதை மட்டுந்தான். "எங்க வீட்டு மிக்ஸிக்குக்கூட நான் இப்படி அழுத்தி வச்சதில்ல," என்றார்.

வெளியே போனவர் நேராகப் பஸ்ஸுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். அந்த வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு நல்ல பழக்கம், பொய் சொல்லத் தெரியாதவர். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"அந்தத் தம்பி எப்படி? சத்தம் போடுவாகளா?"

"சாரா? ஏமோம்மா, அவரு குரலையே நான் அதிகம் கேட்டதில்ல. சாது."

நான் மூச்சு விட்டேன்.

"ஆனா திடீர்னு ஒரு நாளைக்கு ஒரு சத்தம் வருது. இப்பக்கூட வந்துச்சே. நீங்க கேக்கலியா?"

மனைவி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டினால் பக்கத்து வீட்டில் கேட்கும். "அந்த அம்மா நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அத்தையை அவளே கூப்பிட்டாள். திங்கட்கிழமை வகுப்பு நேரத்துக்கு வந்து கண்ணால் பார்க்கச் சொன்னாள். துபாய் மாணவியிடமும் சொன்னாள்: "திங்கக்கெழம ஏழு மணிக்கு லேப்டாப் கத்தும். சார் வாயைத் தொறக்க மாட்டாரு. எல்லா அம்மாமாரையும் உக்காரச் சொல்லு."

என்னிடம் சொன்னது: "பட்டன் பக்கம் கை போச்சு, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மதியம், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துக்க வீட்டில் இருந்தபோது, சிஸ்டம்ஸ் பிரிவுக்காரரிடமிருந்து போன் வந்தது. இத்தனை நாள் நான்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவராகக் கூப்பிட்டதில்லை. "சார், இப்ப ஃப்ரீயா இருக்கேன். மேடத்தை லேப்டாப்பை ஆன் பண்ணச் சொல்லுங்க. இங்கருந்தே பூட்டை எடுத்துர்றேன்."

அந்தப் பிரிவு ஃப்ரீயாக இருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ தெரியாது. "எடுங்க. ஆனா அந்த ஏழு மணிச் சத்தத்தை மட்டும் இன்னைக்கு விட்டு வைங்க. ரொம்ப முக்கியம்," என்றேன்.

"சரி சார்," என்றார்.

அத்தை ஆறு மணிக்கே வந்துவிட்டார். நாற்காலியை எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். என் வாயைத் தவிர வேறு எங்கும் அவர் பார்வை போகவில்லை. நான் சட்டை போட்டிருந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். திரையில் பிள்ளைகளுக்குப் பின்னால் அம்மாக்கள் நின்றார்கள். ஒரு அப்பாகூட வந்திருந்தார். மனைவி பாடம் நடத்தினாள். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

ஏழு ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

லேப்டாப் சமர்த்தாக இருந்தது. மனைவி வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, காத்திருந்து, பிறகு அதே வாக்கியத்தை மறுபடி தொடங்கினாள். அத்தை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "இன்னைக்கும் லீவா?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் 'சரி சார்' என்பதும் 'அனுப்பிவிட்டேன்' என்பதும் ஒரே வகை. சிஸ்டம்ஸ் பிரிவுக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்திருந்தார். அந்த லேப்டாப் அன்று மதியத்திலிருந்துதான் முழுக்க எங்களுடையது. அதற்கு முன்னால் நடந்த எதற்கும் அதனிடம் அடையாளமில்லை.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கரும்பலகையைத் துடைத்தபோது இருந்த அதே முகம்.

நான் போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். "அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரே பேசுவார்," என்று அத்தையிடம் சொன்னேன்.

"யாரு, தம்பியா?" பஞ்சுபோல ஒரு குரல் வந்தது. "நல்லா இருக்கியளா? வீட்டுல சொகமா? மழை உண்டா அங்க?"

அத்தையின் புருவம் உயர்ந்தது.

"நல்லா இருக்கோம் அண்ணாச்சி. முன்னால லேப்டாப்புல ஒரு சத்தம் போட்டு வச்சிருந்தீங்களே, அதை ஒரே ஒரு தடவை சொல்லணும்."

"என்ன சத்தம்?"

"பக்கம் எங்கேன்னு அதட்டுவீங்களே."

"நானா?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் யாரையும் அதட்டுனது இல்லையே தம்பி. எல்லாரையும் எம்புள்ளைய மாதிரில்லா வச்சிருந்தேன். வேற யாரையும் நெனச்சிக்கிட்டுப் பேசுதியளா?"

"பாவம், நல்ல மனுசன்," என்றார் அத்தை. "அவிய தலையில போய்க் கட்டுறீகளே."

துபாயில் ஓர் அம்மா தன் பிள்ளையின் நாற்காலியைத் திரையிலிருந்து லேசாகப் பின்னால் இழுப்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது. இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக்கொண்டு சொன்னேன்:

"அண்ணாச்சி, மணி ஏழைத் தாண்டிருச்சு. பக்கம் இன்னும் போகல."

மறுமுனையில் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம்.

"என்னது? ஏலே, பக்கம் எங்கலே? எம்புட்டு நேரம்லே ஆக்குவ? மெசின்காரன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கான், நீ அங்ஙன என்னத்தலே புடுங்குத?"

போன் மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. என் வாய் மூடியிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். திரையில் எல்லோரும் பார்த்தார்கள். பொடியன் புத்தகத்தைத் தூக்கி, "இங்க," என்றான். அடுத்த பெட்டியில் ஒரு சிறுமி தூக்கினாள். பிறகு வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தைக் காட்டினார்கள். ஒருத்தி தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, வேறு பக்கம் திரும்பி, அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீயை அங்ஙன வை."

பாளையங்கோட்டையில் ஒரு தம்ளர் வைக்கப்படும் ஓசை தெளிவாகக் கேட்டது.

மாணவி துபாயில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஓர் அம்மா, "அய்யோ, எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டர் மாதிரியே இருக்காங்க," என்றாள். நாற்காலியை இழுத்தவள் அதைத் திரும்ப முன்னால் தள்ளினாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்தாள். "சரி, காமிச்ச பக்கத்தை இப்ப ஒவ்வொருத்தரா வாசிங்க," என்று சொல்லிவிட்டு, தலைகீழாகப் பிடித்தவளிடமிருந்து தொடங்கினாள்.

நான் அண்ணாச்சியிடம் நன்றி சொல்லிப் போனை அணைத்தேன். அவர் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் அத்தை எங்கள் முன்னாலேயே போனில் துபாய் மருமகளிடம் தீர்ப்பைச் சொன்னார். "இந்தத் தம்பி சாது. கத்துனது அந்த அண்ணாச்சிதான், டீ கேட்டதும் அவியதான். டீச்சர் நல்லாச் சொல்லிக்கொடுக்காக, நானே ரெண்டு எழுத்து புதுசாக் கத்துக்கிட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஆனா வாயைத் தொறந்தா பொய்யி. ரிட்டயர் ஆன மனுசனப் போயி பக்கம் போகலன்னு பதற வச்சுட்டாரு."

மறுநாள் துபாயிலிருந்து செய்தி வந்தது. இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், வகுப்பு தொடரட்டும், இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று. மனைவி அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு அலுவலகச் சொத்து என்ற ஸ்டிக்கரை எண்ணெய் தடவிச் சுரண்டத் தொடங்கினாள். பாதி வந்தது. மீதி இன்னும் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பே, திங்கட்கிழமை சாயங்காலமே, அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சி. குரலில் பழைய அதட்டலும் இல்லை, பஞ்சும் இல்லை. நடுவில் எங்கோ நின்றது.

"தம்பி, பக்கம் போயிட்டா?"

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"அனுப்பிட்டேன் அண்ணாச்சி," என்றேன்.